கப்பலில் ஓர் இரவு

சாமல்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் வெகு தூரம். ஆனால் என் மாமியாருக்குக் கப்பல் என்றால் ஒரே பெயர்தான்: 'ரஜூலா'. 1926-லிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய கப்பல். 1950-ல் அவருடைய அப்பா சென்னையில் அதில் ஏறித்தான் பினாங்குக்குப் போனார். மூன்று வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

சென்ற வருஷம் மகளைப் பார்க்க துபாய் போனோம். அங்கே ரஷீத் துறைமுகத்தில் 'க்யூ.ஈ.2' என்ற பழைய கப்பல் ஓட்டலாக நிற்கிறது. 1969-ல் முதல் பயணம் போனது. 1982-ல் ஃபாக்லாந்து போருக்குச் சிப்பாய்களைச் சுமந்தது. 2008-ல் துபாய் வந்து, 2018-ல் ஓட்டலாயிற்று. மகள் ஓர் இரவுக்கு அறை எடுத்தாள்.

லிஃப்ட் இருந்ததால் அத்தையின் மூட்டுவலிக்குச் சிரமமில்லை. ஆனால் கப்பலின் நீளம் 963 அடி! நடைபாதை தெருவைப் போலப் போய்க்கொண்டே இருக்கிறது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கைத்தடியை மறக்க வேண்டாம். கரையோடு கட்டிப் போட்ட கப்பல். ஆட்டம் கிடையாது, தலைசுற்றலும் இல்லை.

நடுராத்திரி விழித்தால், அத்தை வட்ட ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தே, தூக்கம் வரலையா?"

"எங்கப்பாவுக்கு ரூம் ஏது கண்ணு? மேல்தளத்துல பாயை விரிச்சுதான் படுத்திருப்பாரு. ராத்திரியெல்லாம் இந்தக் கருப்புத் தண்ணியத்தான் பாத்துக்கிட்டுப் போயிருப்பாரு, பாவம்."

அப்பா பேச்சை எடுத்தாலே சீறுகிறவர் வாயிலிருந்து 'பாவம்' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

ரஜூலாவை 1974-லேயே உடைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஒரு கப்பல் இருக்கலாம். கேட்டுப் பாருங்களேன்!