காற்று வருகிற வீடு

சிங்கப்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் காண்டோவின் விளம்பரத்தில் 'தோட்டத்துக்குள் வீடு' என்று போட்டிருந்தார்கள். பொய்யில்லை. பதினான்காவது மாடி பால்கனியின் விளிம்பில் நீளமான சிமென்ட் தொட்டி, அது நிறைய பெயர் தெரியாத செடிகள். இரண்டு வருஷத்தில் நான் ஒருநாள்கூடத் தண்ணீர் ஊற்றியதில்லை. சொட்டுநீர்க் குழாய் பார்த்துக்கொள்ளும்.

வேலை மென்பொருள் என்றாலும் எனக்குக் கட்டடப் பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிப் போய் வெளியிலிருந்தே வேடிக்கை பார்ப்பேன். வோஹா வடிவமைத்து 2007இல் முடிந்த நியூட்டன் சூட்ஸ் 36 மாடி. நான்கு மாடிக்கு ஒன்றாகத் தோட்டங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெயிலை வடிகட்ட உலோக வலைகள். 2013இல் முடிந்த தி இன்டர்லேஸ் வேறு மாதிரி. ஓலே ஷீரென் வடிவமைத்தது. ஆறு மாடி உயரமுள்ள 31 நீளமான பெட்டிகளை அறுகோணமாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே அடுக்கிய மாதிரி இருக்கும். 1,040 வீடுகள். ஒன்றின் கூரை மேலே தோட்டம், ஒன்றின் அடிவயிறு கீழே முற்றத்துக்கு நிழல். இடைவெளிகளில் காற்று புகுந்து போகும்.

பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர். வெயிலும் மழையும் வருஷம் பூராவும். இங்கே நல்ல வீடு என்றால் சுவரில் நேர் வெயில் படக்கூடாது, மழை பெய்தாலும் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கக் கூடாது, ஒரு பக்கம் வரும் காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும். நம்ம ஊர் ஓட்டுவீட்டில் தாழ்வாரமும் முற்றமும் செய்த அதே வேலைதான். இங்கே அது கோடிகளில் விற்கிறது.

இதையெல்லாம் வீட்டுக்கு வரும் நண்பர்களிடம் வகுப்பெடுப்பேன். ஏசியைப் போட்டு, பால்கனிக் கதவை இறுக்கச் சாத்திக்கொண்டு.

போன வருஷம் புதுக்கோட்டையிலிருந்து அம்மா ஒரு மாதம் தங்க வந்திருந்தாள். வந்த அன்றே கதவைத் திறந்துவிட்டாள். "காத்து இப்படி அள்ளிக்கிட்டு வருது, எதுக்குடா அடைச்சு வெச்சிருக்க?"

மூன்றாம் நாள் பால்கனியில் பேச்சுச் சத்தம். தொட்டிக்கு அந்தப் பக்கம் பராமரிப்புக்கென்று குறுகலான நடைபாதை உண்டு. அதில் இடுப்பில் கயிற்றோடு ஒருவர் செடி வெட்டிக்கொண்டிருந்தார். அறந்தாங்கிப் பக்கமாம். அம்மா மோர் கொடுத்தாள்.

"நீ தங்கியிருக்குற எடத்துல காத்து வருமா தம்பி?"

அவர் சிரித்தார். "ரூமுக்குப் பன்னெண்டு பேரும்மா. ஃபேன் இருக்கு."

ஆறு மாதமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கிறாராம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருந்திருப்பேன்.

அடுத்த முறை வந்தபோது ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுவந்து தொட்டி ஓரத்தில் நட்டுவிட்டுப் போனார். தொட்டிச் செடிகள் நிர்வாகத்துக்குச் சொந்தம், பட்டியலில் இல்லாத எதையும் வளர்க்கக் கூடாது. அது அவருக்கும் தெரியும். அம்மா ஊருக்குப் போன பிறகும், மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு அதை மட்டும் விட்டுவைப்பார். நான் ரசத்துக்கு நாலு இலை கிள்ளிக்கொள்வேன். அவர் வரும்போது கையை ஆட்டுவேன். அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் கன்று இல்லை. அந்த இடத்தில் மண் சமமாக இருந்தது. வேறு யாரோ வந்திருக்கிறார், பட்டியல்படி வேலை பார்த்திருக்கிறார். அவர்மேல் தப்பில்லை.

கீழே நிர்வாக அலுவலகத்தில் போய்க் கேட்டேன். ஒப்பந்தக்காரர் மாறிவிட்டாராம். பழைய ஆள் பெயர் என்ன, விசாரித்துப் பார்க்கிறோம் என்றார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். யோசிக்காமல் சொன்னாள். பேர், பொண்டாட்டியோட ஊர், ரெண்டு பிள்ளைங்க என்ன வகுப்பு படிக்குதுங்க, எல்லாம்.

"ஏன்டா, அவன் இப்ப வர்றதில்லையா?" என்றாள்.