‘ஊர்ல சாரல் விழுதா?’ தென்காசிக்காரர்களை ஒன்று சேர்க்கும் ஒற்றைக் கேள்வி

மே மாதக் கடைசி வாரம். துபாயில் டிரைவராக இருப்பவர், பெங்களூரில் ஐ.டி. வேலை பார்ப்பவர், சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, கல்யாணமாகி கோவைக்குப் போன அக்கா... எல்லோரும் தங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் கேட்பது ஒரே கேள்விதான். ‘ஊர்ல சாரல் விழுதா?’

ஊரில் இருக்கும் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துப் போடுவார். மலை உச்சி தெரியவில்லை, மேகம் மூடியிருக்கிறது என்றால் போதும். அடுத்த ஐந்து நிமிடத்துக்கு இதய எமோஜிகளாகக் கொட்டும். ‘லீவு போட்டாச்சு’ என்று ஒருவர், ‘எங்களுக்கெல்லாம் கொடுத்துவைக்கல’ என்று வளைகுடாவில் இருந்து இன்னொருவர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். ஆனால், சாரலை ஒருமுறை அனுபவித்தவர்களுக்குப் புரியும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவு கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். பெருமழையாக வராது. குடை பிடித்தால் அசிங்கம், பிடிக்காவிட்டால் நனைந்துவிடுவோம் என்கிற அளவில் பூத்தூறலாக வரும். கூடவே சிலுசிலுவென்று காற்று. தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஜூன், ஜூலையில் தென்காசியில் மட்டும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை தேடுவார்கள். இதைத்தான் ‘சீசன்’ என்கிறார்கள். அதற்கு முன்னால் எந்தச் சொல்லும் சேர்க்கத் தேவையில்லை. தென்காசியில் சீசன் என்றால் அது குற்றால சீசன்தான்.

இந்தச் சாரலைக் காரணமாக வைத்து ஊர் ஊராக ஆட்களைக் கூட்டிய முதல் ‘குரூப் அட்மின்’ யார் தெரியுமா? என்னைக் கேட்டால், ரசிகமணி டி.கே.சி. என்பேன். 1882-ல் பிறந்த டி.கே.சிதம்பரநாத முதலியார், சட்டம் படித்தவர். நெல்லை வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடி கம்பனையும் தமிழையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர். பிறகு அவர் குற்றாலத்துக்கே குடிவந்தார். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், நீதிபதி எஸ்.மகராஜன் வந்தார். அருவிக் குளியல், அருமையான சாப்பாடு, அதன் பிறகு மணிக்கணக்கில் பேச்சு.

வர முடியாதவர்களை டி.கே.சி. விட்டுவிடவில்லை. கடிதம் எழுதினார். ஒன்றிரண்டு அல்ல, ஏராளமாக எழுதினார். அவை பின்னாளில் புத்தகமாகவே வந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான தமிழில் இருக்கும். 1954-ல் அவர் மறையும் வரை குற்றாலத்தில் அந்த வீடு ஒரு சந்திப்பு முனையாகவே இருந்தது. போன் இல்லாத காலத்தில் ஒரு தபால் பெட்டியை வைத்துக்கொண்டே இவ்வளவையும் சாதித்திருக்கிறார். நாமோ பள்ளித் தோழனின் ‘ஹாய்’க்கு மூன்று நாள் கழித்து பதில் போடுகிறோம்.

இன்றைய குழுக்களுக்கு வருவோம். வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர்தான் இருக்க முடியும். அது நிரம்பியதும் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘2’ என்று போட்டு அடுத்தது தொடங்கும். காலையில் குட்மார்னிங் பூங்கொத்து, மதியம் அரசியல் சண்டை, இரவு அட்மின் கண்டிப்பு. இதெல்லாம் எல்லா ஊர்க் குழுவிலும் நடப்பதுதான். தென்காசிப் பக்கத்துக் குழுக்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. ‘மெயின் அருவியில தண்ணி எப்படி? ஐந்தருவியில குளிக்க விடுறாங்களா? பழைய குற்றாலம் போகலாமா?’ இந்தக் கேள்விகளுக்கு நாள் முழுக்க பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த பதில் எவ்வளவு முக்கியம் என்பதை 2024 மே 17-ம் தேதி காட்டியது. கோடை விடுமுறை நேரம். மலைக்கு மேலே பெய்த மழையில் பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அதன் பிறகு அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள்.

குற்றாலத்தின் ஆபத்தே இதுதான். நாம் நிற்கும் இடத்தில் மழை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் காட்டுக்குள் பெய்தாலே கீழே வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் கலங்கலாக மாறினால், இலை தழையும் குச்சியும் சேர்ந்து வந்தால், உள்ளூர்க்காரர்கள் யாருக்கும் காத்திருக்காமல் வெளியேறிவிடுவார்கள். வெளியூர்க்காரர்களோ, ‘ஆஹா, தண்ணி ஜாஸ்தியாகுது’ என்று இன்னும் உள்ளே போவார்கள்.

அதனால் குழுவில் பழைய வீடியோ சுற்றுவது வெறும் தொல்லை என்று விட்டுவிட முடியாது. ஒருபக்கம், போன வருட அமைதியான அருவியை ‘இன்றைய நிலவரம்’ என்று போட்டால், அதை நம்பி ஒரு குடும்பம் குழந்தையோடு கிளம்பிவிடும். இன்னொரு பக்கம், 2024 வெள்ள வீடியோவை ஒரு நல்ல சனிக்கிழமையில் யாராவது தட்டிவிட்டால், லாட்ஜ் ரூம்கள் கேன்சலாகும். எண்ணெய் மசாஜ் செய்பவர், துண்டு விற்பவர், ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூறு கட்டி வைத்திருக்கும் பாட்டி, ஆட்டோ ஓட்டுபவர்... இவர்களுக்கெல்லாம் அந்த இரண்டு, மூன்று மாதச் சம்பாத்தியம்தான் வருடத்துக்கே கை கொடுக்கும்.

நல்ல குழுக்கள் தாங்களாகவே சில பழக்கங்களை வைத்திருக்கின்றன. அருவிப் படம் போட்டால் தேதியும் நேரமும் எழுத வேண்டும். நேரில் நிற்பவர்தான் போட வேண்டும், ஃபார்வேர்டு கூடாது. தடை இருக்கிறதா என்பதற்கு மாவட்ட நிர்வாகமும் போலீஸும் சொல்வதுதான் கடைசி வார்த்தை. எனக்குப் பிடித்த பழக்கம் இன்னொன்று. வெளிநாட்டில் இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், தண்ணீர் விஷயத்தில் உள்ளூர்க்காரர் சொல்வதற்கு எதிர்ப்பேச்சு பேசமாட்டார்!

வெளியே போனவர்கள் ஊருக்குச் செய்த பெரிய காரியங்களும் உண்டு. தென்காசிக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்குகிறவர்களின் கண் முதலில் தேடுவது காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தைத்தான். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில். அந்த மன்னனுக்கு ஒரு கவலை இருந்திருக்கிறது. தன் காலத்துக்குப் பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? பிற்காலத்தில் இந்தக் கோயிலைக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டிலேயே வெட்டி வைத்துவிட்டான். ஒரு ராஜா, இன்னும் பிறக்காதவர்களுக்கு விட்ட மெசேஜ்!

அதற்கு பதில் வர ரொம்ப காலம் ஆனது. கோபுரம் சிதைந்து, வெகுகாலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பா.சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில், நன்கொடையாளர்கள் துணையோடு ஒன்பது நிலை, சுமார் 180 அடி உயரத்தில் புதிதாக எழுந்து, 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. கோபுர வாசலுக்குள் நடந்து பாருங்கள். முதலில் காற்று எதிரே வந்து உங்களைத் தள்ளும். இன்னும் நாலு அடி வைத்தால், அதே காற்று முதுகுப் பக்கமிருந்து உள்ளே தள்ளும். புடவைத் தலைப்பையும் வேட்டியையும் பிடித்துக்கொள்ளவும்.

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. அதுவரை வெளியூரில் யாராவது கேட்டால் ‘திருநெல்வேலி பக்கம்’ என்று சொல்லிப் பழகியவர்கள், இப்போது நேராகத் தென்காசி என்கிறார்கள். சில பெரியவர்களுக்கு இன்னும் வாய் வரவில்லை.

சென்னைக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் பொதிகை எக்ஸ்பிரஸை நடமாடும் ஊர்க்குழு என்றே சொல்லலாம். எழும்பூரில் ராத்திரி ஏறினால், தெரிந்த முகம் ஒன்றாவது தட்டுப்படும். காலையில் ராஜபாளையம் தாண்டியதும் வலதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். மலை கூடவே வரும்.

அந்த ரயிலில் ஏறி வேலைக்காக வெளியேறுவதுதான் இங்கே வழக்கம். அதற்கு மாறாக, தென்காசி அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் 2011-ல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பின்னர் அங்கேயே குடிவந்தார். வயலும் தென்னையும் சூழ்ந்த ஊரில் மென்பொருள் வேலை. இதே நிறுவனம் 2021-ல் ஒரு மெசேஜ் செயலி கொண்டுவந்தது. அதன் பெயர் ‘அரட்டை’. டி.கே.சி. இருந்திருந்தால் பெயரை ரசித்திருப்பார் என்று தோன்றுகிறது. ஒரு நிறுவனத்தால் எல்லோரும் ஊர் திரும்பிவிட முடியாதுதான். ஆனாலும் இப்போதெல்லாம் ஊர்க் குழுக்களில், ‘இங்கேயே வேலை ஏதாவது இருக்கா?’ என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்கிறார்கள்.

ஊருக்கு வருபவர்கள் அருவியோடு நிறுத்திக்கொள்வதில்லை. செங்கோட்டைப் பக்கம் பிரானூரில் பார்டர் பரோட்டா. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை நகர்ந்து இத்தனை வருடமாகியும் ‘பார்டர்’ என்ற பெயர் போகவில்லை, பரோட்டாவுக்குக் கூட்டமும் குறையவில்லை. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்தால் அங்கேயும் ஒரு நடை. வயல் விவசாயியுடையது என்பதை நினைவில் வைத்து, வரப்பில் நின்றே செல்ஃபி எடுங்கள்.

ஆகஸ்ட் முடிந்தால் சாரல் ஓயும், குழுவும் கொஞ்சம் ஓயும். பிறகு ஐப்பசி மழை வரும், அருவியில் மறுபடி தண்ணீர் கொட்டும். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அப்போது குழுவில் கேள்வி மாறியிருக்கும்: ‘அண்ணே, மெயின் அருவியில கூட்டம் எப்படி?’