நீல மெஷினைப் பற்றி செம்புதாஸ் தெரு சொல்வது

காலை பத்து மணிக்கெல்லாம் சென்னை செம்புதாஸ் தெருவில் ஷட்டர்கள் ஏறிவிடுகின்றன. பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நுழைந்தால், மீன்பாடி வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். போல்ட், வால்வு, செயின் பிளாக், பைப் என்று கடைக்குக் கடை சாமான் மாறுகிறது. டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் விற்கும் கடைகளில் மட்டும் போர்டைப் படிக்கவே வேண்டாம். நீலம் என்றால் போஷ். நீலப்பச்சை மகிட்டா. மஞ்சளும் கறுப்பும் டிவால்ட்.

சொந்த மெஷின் வாங்கித் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் கடன்பட்டுத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு எந்த மெஷின் உழைக்கும் என்பதை, அதை வைத்துப் பிழைப்பவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன். சந்தையில் அதிகம் கண்ணில் படுவது போஷ் என்பதால் விசாரணையை அதிலிருந்து தொடங்கினேன்.

முதல் கடையில் நான் வாயைத் திறக்கும் முன்பே பாதி பதில் கிடைத்துவிட்டது. டைல்ஸ் வேலை செய்பவர் ஒருவர், சிமெண்ட் படிந்த நாலு இஞ்ச் கிரைண்டரைக் கவுண்டரில் வைத்தார். "அண்ணே, இதுக்கு சுவிட்ச் இருக்கா? மத்தியானம் சைட்டுக்குப் போகணும்." கடைக்காரர் மெஷினைத் திருப்பி மாடல் நம்பரைக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த சின்ன டிராயரை இழுத்து சுவிட்சை எடுத்துப் போட்டார். கூடவே ஒரு ஜோடி கார்பன் பிரஷ். வந்தவர் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

"இதுதான் சார் விஷயம்" என்றார் கடைக்காரர். "அதே நேரத்துல இன்னொருத்தர் வேற கம்பெனி மெஷினோட வந்திருந்தா, ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கணும்னு சொல்லியிருப்பேன். அதுவரைக்கும் அவர் கூலிக்கு என்ன பண்ணுவார்?"

போஷ் மெஷின் கெட்டுப்போகாது என்று இந்தத் தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. கெட்டால் சாயங்காலத்துக்குள் எழுப்பிவிடலாம் என்றுதான் சொல்கிறார்கள். நாள் கூலிக்காரருக்கு இந்த இரண்டாவது பேச்சுதான் முக்கியம். நான் கேட்ட கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தப் பெயர் ஒரு நாளில் வந்ததல்ல. ராபர்ட் போஷ் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பட்டறை தொடங்கியது 1886-இல். கையில் பிடிக்கும் மின்துளைக் கருவியை 1895-இல் முதன்முதலில் செய்த ஃபைன் கம்பெனியும் அதே ஊர்தான். போஷின் முதல் மின்கருவி 1928-இல் வந்த முடிவெட்டும் மெஷின். மோட்டாரைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். நாலு வருஷம் கழித்து, 1932-இல், சுத்தியல் போல அடித்துக்கொண்டே துளைக்கும் மெஷின் வந்தது. நம் ஊர் மூத்த மெக்கானிக்குகளுக்கோ இந்தக் கம்பெனி வேறு பெயரில் பழக்கம். 1951-இல் தொடங்கிய மைக்கோதான் 2008-இல் போஷ் லிமிடெட் ஆனது. மைக்கோ பிளக்கையும் டீசல் பம்பையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, நீல மெஷின் மீதான நம்பிக்கை அங்கிருந்தே வருகிறது.

மண்ணடிப் பக்கம் ஒரு சந்தில் ரிப்பேர் கடை. ஒரு ஆள் உட்காரும் அகலம், கூரை வரைக்கும் அலமாரி, அதில் மோட்டாரிலிருந்து கழற்றிப் போட்ட ஆர்மேச்சர்கள். வார்னிஷ் கருகிய வாசம் சந்து முனையிலேயே வந்துவிட்டது. மெக்கானிக்குக்கு அறுபது வயது இருக்கும். என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, வேலையை நிறுத்தாமலே பேசினார்.

மடியில் இருந்தது ஒரு கட்டிங் மெஷினின் ஆர்மேச்சர். அதை குரோலர் என்ற சோதனைக் கருவி மேல் வைத்து, ஹேக்ஸா பிளேடு ஒன்றை அதன் முதுகில் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்றினார். ஓர் இடத்தில் பிளேடு 'டர்ர்' என்று அதிர்ந்தது. "இங்க ஷார்ட். காயில் போயிடுச்சு." காந்தப்புலத்துக்குள் வைத்த சுருளில் இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மின்னோட்டம் சுழலும், மேலே பிடித்த பிளேடு துடிக்கும். பெரிய மீட்டர் எதுவும் தேவைப்படாத சோதனை இது.

ஏன் எரிகிறது என்று கேட்டேன். "மெஷின் தப்பு கொஞ்சம்தான் சார். மிச்சமெல்லாம் கை" என்றவர், ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இந்த மெஷின்களில் ஆர்மேச்சரின் தண்டிலேயே ஃபேன் இருக்கிறது. வேகமாகச் சுற்றினால்தான் காற்று வீசும், காயில் ஆறும். சீக்கிரம் முடியட்டும் என்று மெஷினை அழுத்திப் பிடித்தால் சுற்று குறைகிறது, கரண்ட் ஏறுகிறது, அதே சமயம் காற்றும் குறைகிறது. சூடு ஏறுவதும் ஆறாமல் போவதும் ஒன்றாக நடக்கின்றன. ஜாயிண்ட் போட்ட மெல்லிய ஒயரை மூன்றாவது மாடி வரைக்கும் இழுத்து, அதில் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரை மாட்டினாலும் இதே கதிதான். கடைசியில் வோல்டேஜ் இறங்கி, மெஷின் திணறிக்கொண்டே ஓடுகிறது. கனமான வேலை முடிந்ததும் சுவிட்சை அணைக்காமல் லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் தன் கடைக்கு வரும் மெஷின்கள் குறைந்துவிடும் என்று அவரே சொன்னார்.

பிறகு கார்பன். தேய்வதற்கென்றே வைத்த பாகம் அது. நல்ல மெஷின்களில் கார்பன் ஓர் அளவுக்கு மேல் தேய்ந்தால் உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்ன முள் வெளியே வந்து தொடர்பைத் துண்டித்துவிடும். மெஷின் நின்றுபோகும். பலர் அதைப் பழுது என்று நினைத்துத் திட்டுகிறார்கள். ஆர்மேச்சரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. அங்கே மலிவான, அளவு சரியில்லாத கார்பனைத் தேய்த்துத் திணித்தால் கமிட்டேட்டரில் தீப்பொறி பறக்கிறது, செம்புப் பட்டைகள் குழி விழுகின்றன. சின்னச் செலவில் முடிய வேண்டியது ஆர்மேச்சர் செலவில் போய் நிற்கிறது.

போஷ், மகிட்டா, பழைய ஹிட்டாச்சி மூன்றையும் பிரித்து எனக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஹிட்டாச்சி மெஷின்களின் பிராண்டு 2018-லேயே ஹைகோகி என்று மாறிவிட்டது, ஆனால் அவர் வாயில் இன்னமும் ஹிட்டாச்சிதான். மூன்றிலும் செம்பு வைண்டிங். மூன்றிலும் ரப்பர் சீல் போட்ட பேரிங் போடுகிற இடம் எது, தகட்டு மூடி போதுமான இடம் எது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். "மூணும் உழைக்கும் சார். அதுல சந்தேகமில்ல. ஆனா நான் தூங்கி எழுந்து கண்ணை மூடிக்கிட்டுப் பிரிக்கிறது போஷ்தான். கை பழகிடுச்சு." விலை குறைந்த பெயரில்லாத மெஷின் ஒன்றையும் எடுத்தார். காயிலைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம்.

மகிட்டா 1915-இல் நகோயாவில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையாகத் தொடங்கிய கம்பெனி என்று சொன்னபோது அவர் வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சந்தில் அவர் முகத்தில் சந்தோஷத்தை அப்போதுதான் பார்த்தேன்.

அங்கிருந்து போனது வாடகைக் கடைக்கு. ஒரு கம்பெனியின் தரத்தை உள்ளபடி அறிய வேண்டுமானால் வாடகைக்கு விடுபவரைத்தான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். சொந்த மெஷினை யாரும் கொஞ்சம் பார்த்து ஓட்டுவார்கள். வாடகை மெஷினுக்கு அந்தக் கரிசனம் கிடையாது. இங்கே மெஷின்களை எடையைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்: அஞ்சு கிலோ, பதினொரு கிலோ, பதினாறு கிலோ பிரேக்கர். கடைக்காரரிடம் பெரும்பாலும் நீலம். காரணத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: "அடி குறைஞ்சா ஓரிங்கும் கிரீஸும் மாத்திட்டு மறுநாளே அனுப்பிடுவேன்." சுத்துது, ஆனால் அடி விழவில்லை என்று வரும் ரோட்டரி ஹேமர்களில் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றியுள்ள அந்த ரப்பர் வளையம்தான் தேய்ந்திருக்கும். உள்ளே அடிப்பது காற்றழுத்தம். அதனால் ரோட்டரியை உடம்பு எடையால் அழுத்துவதில் பயனே இல்லை என்பதையும் அவர்தான் விளக்கினார். துளையிடும் பிட்டின் 10 மில்லிமீட்டர் தண்டில் காடி வெட்டிய எஸ்.டி.எஸ். முறை 1970-களில் போஷ் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான கம்பெனிகளின் சின்ன ரோட்டரிகளில் அதே பிட் பொருந்துவதால், வாடகைக் கடைக்காரர் ஒரே டப்பாவில் பிட் வைத்துப் பிழைக்கிறார்.

மத்தியானம் கொளத்தூரில் கட்டி முடியப்போகும் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்துக்குப் போனேன். கிரானைட் வெட்டும் தூசியில் படிக்கட்டே தெரியவில்லை. அந்தத் தூசிதான் மெஷினுக்குள்ளும் போகிறது. காயிலின் மேல் பூச்சை உரசி உரசித் தின்கிறது. மனிதன் நெஞ்சுக்குள்ளும் அதே தூசிதான் போகிறது. சிலிகா தூசி நுரையீரலில் படிந்தால் வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. வெட்டிக்கொண்டிருந்த தம்பிகளில் ஒருவர் முகத்தில் மட்டும் ஈரத்துண்டு. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தரை ஈரமாகிவிடும் என்று கான்ட்ராக்டர் வேண்டாமென்கிறாராம்.

பக்கத்து அறையில் கார்பெண்டர், மார்பிள் கட்டரைக் கவிழ்த்துப் பலகைக்கு அடியில் பொருத்தி, மரம் அறுக்கும் பிளேடை மாட்டியிருந்தார். பிளேடை மூடும் பாதுகாப்பு கார்டு கழற்றப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும் நாலு இஞ்ச் பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. "கல்லு வெட்டுற மெஷின்தான், ஆனா மரத்துக்கு இதைவிட உழைக்கிறது எதுவும் இல்ல" என்றார் பெருமையாக. அவருடைய இடது கைச் சுட்டுவிரலில் முனை இல்லை. உழைக்கும் மெஷின் என்ற நற்சான்றிதழில் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். எந்தக் கம்பெனியும் மெஷினை இப்படிக் கவிழ்த்துப் பயன்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் டேபிள் ஸா வாங்கக் காசு இல்லாதவர் வேறு எப்படிப் பலகை அறுப்பார் என்பதற்கும் இங்கே யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கட்டிடத்தில் ஃபால்ஸ் சீலிங் போடும் பையன்கள் கையில் இருந்ததெல்லாம் பேட்டரி மெஷின். ஒயர் இழுக்கிற தொல்லை இல்லை, ஏணியில் நின்றபடி வேலை நடக்கிறது. புதிய பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பனே கிடையாது, தேய்மானமும் குறைவு. இது நல்ல முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மண்ணடி மெக்கானிக்கிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதுல போர்டு போனா போர்டையே மாத்தணும் சார். ஹேக்ஸா பிளேடுக்கு இங்க வேலை இல்ல." ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது, இரண்டு பேட்டரி வாங்கியவர் அந்த நிறத்தோடேயே இருந்தாக வேண்டும். சாயங்காலத்துக்குள் எழுப்பிவிடலாம் என்ற அந்த உறுதி இந்த மெஷின்களுக்கு இன்னும் வரவில்லை.

புதிதாக வாங்கப் போகிறவருக்கு நான் சொல்வது இதுதான். போஷ் நம்பி வாங்கலாம். மகிட்டாவும் அப்படியே. ஆனால் பணம் கொடுக்கும் முன், அந்த மாடலுக்கு சுவிட்ச், கார்பன், ஆர்மேச்சர் மூன்றும் உங்கள் ஊரில் எந்தக் கடையில் இருக்கிறது என்று கேட்டு, அந்தக் கடையையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஊர் மெக்கானிக் எந்த மெஷினைத் தயங்காமல் பிரிக்கிறாரோ அதை வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். நிறமும் எழுத்தும் அச்சு அசலாக இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. கார்டைக் கழற்றாதீர்கள்.

வாங்குபவர் மட்டும் கவனமாக இருந்தால் போதாது, அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்-மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. கட்டடத் தொழிலாளி கையில் இருக்கும் டிரில்லையும் கட்டரையும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பேட்டரி மெஷின்களின் போர்டும் உதிரிப் பாகங்களும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மட்டும் என்றில்லாமல், மண்ணடிச் சந்து மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் கிடைக்க வழி செய்ய வேண்டும்.