ஒரு பானைச் சோறும் பல மூட்டை அரிசியும்

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் அரிசி கொள்முதல் செய்யும் வியாபாரி ஒரே மூட்டையில் முப்பது முறை குத்தூசி செருகிப் பார்ப்பதில்லை. பல மூட்டைகளைக் குத்திப் பார்ப்பார். ஒரு மூட்டைக்குள் இருக்கும் அரிசி பெரும்பாலும் ஒரே செய்தியையே சொல்லும். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதும் ஒரே பானைக்குத்தான் பொருந்தும். பக்கத்து அடுப்பில் உள்ள பானைக்கு அன்று.

கல்வி ஆய்வுகளில் இவ்விவேகம் அடிக்கடி மறக்கப்படுகிறது. 2005இல் பிரதம் அமைப்பு தொடங்கிய ‘அசர்’ கணக்கெடுப்பு, அதன் முழுமையான சுற்றுகளில் மாவட்டத்துக்கு 30 ஊர்களையும் ஊருக்கு 20 வீடுகளையும் தெரிவு செய்கிறது. மொத்தம் 600 வீடுகள். ஆனால் ஓர் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பள்ளியையும் ஒரே ஆசிரியரையும் பகிர்ந்துகொள்பவர்கள். வீட்டுக்கு ஒரு குழந்தை என்றும், ஊருக்குள் நிலவும் ஒப்புமையின் அளவு 0.1 என்றும் வைத்துக்கொள்வோம். லெஸ்லி கிஷ் 1965இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ‘வடிவமைப்பு விளைவு’ அப்போது 1 + (19 × 0.1), அதாவது 2.9 ஆகும். 600 குழந்தைகள் தரும் செய்தி, தனித்தனியே தெரிவு செய்த ஏறத்தாழ 207 குழந்தைகள் தருவதற்கே ஈடு. கொத்தமைப்பை மென்பொருளுக்குச் சொல்லாதவர் காணும் திட்டப்பிழையைவிட உண்மைப் பிழை 1.7 மடங்கு பெரிது. இல்லாத வேறுபாடுகள் கண்டுபிடிப்புகளாக அச்சேறுவது இவ்வாறுதான்.

இன்னொரு குறை எந்தச் சூத்திரத்தாலும் தீராதது. அசர் ஊரகத்துக்கான கணக்கெடுப்பு. சாலையில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் நகரவாசிகள். அவர்கள் குத்தூசி படாத மூட்டை. எடை என்பது தெரிவாகும் வாய்ப்பின் தலைகீழ் எண். வாய்ப்பே சுழியமானால் எந்த எடையாலும் அவர்களைக் கணக்கிற்குள் கொண்டுவர இயலாது.

நகரங்களையும் சேர்த்துக்கொள்ளும் கணக்கெடுப்பிலும் சிக்கல் உண்டு. தமிழ் பேசும் நாற்பது பிள்ளைகள் இரண்டே பள்ளிகளிலிருந்து வந்திருந்தால், பிழையை மதிப்பிட உதவுபவை இரண்டு பள்ளிகளே. நாற்பது பிள்ளைகள் அல்லர்.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய முயலவேண்டும் என்கிறது அரசமைப்பின் 350அ பிரிவு. அவ்வசதி எவருக்குத் தேவை என்னும் கேள்விக்கு மாநிலச் சராசரி விடையாகாது. ஆய்வேட்டில் ‘கேரளக் குழந்தைகள்’ என்று எழுதுமுன், எந்த மூட்டைகள் திறக்கப்பட்டன, எவை திறக்கப்படவே இல்லை என்பதைத் தெளிவாக எழுதியாக வேண்டும்.