சுண்ணாம்புச் சுவர்

வீட்டுச் சுவருக்கு என்ன வர்ணம் பூசுவது என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் தை பிறக்கும் முன் அதைப் பற்றி ஒரு சிறு மகாநாடு கூடாத குடும்பம் அபூர்வம். பளீரென்ற வெள்ளை இப்போது பலருக்குப் பிடிப்பதில்லை. தந்தத்தின் நிறம், பாலேட்டின் நிறம் என்று பெயர் சூட்டிய மங்கின வெள்ளைக்கே மோகம் அதிகம்.

பழவேற்காடு ஏரியை அடுத்த தோணிரேவில் வலைத்தொழில் செய்யும் ஒருவர், என் மாணவியின் தகப்பனார், சென்ற மார்கழியில் என்னிடம் யோசனை கேட்டார். மூத்த மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். "சுண்ணாம்பு அடித்தால் ஏழை வீடு என்று நினைப்பார்களே, ஸார்! கடன் வாங்கியாவது டப்பா வர்ணம் பூசிவிடட்டுமா?" என்றார். அந்தக் கேள்வியில் வர்ணத்தைக் காட்டிலும் மானமே அதிகமாகக் கலந்திருந்தது.

அவருடையது பழைய செங்கல் வீடு. ஏரிக்கரை மண்ணின் உப்பு ஈரம் அடிச்சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். எமல்ஷன் வர்ணம் சுவரின்மேல் ஏடு போல் படிந்து அந்த ஈரத்தை எளிதில் வெளியேற விடாது. உள்ளே உப்புப் பூத்து, வர்ணம் பொரிந்து உதிரும்; கடன் மட்டும் உதிராது!

சுண்ணாம்பின் குணம் வேறு. டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய இந்தக் கரையில் கிளிஞ்சலைக் காளவாயிலிட்டுச் சுடுவது பழைய தொழில். சுமார் 900 டிகிரி சூட்டில் கிளிஞ்சலிலுள்ள கரியமிலவாயு நீங்கிவிடுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியதும், அது காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப உட்கொண்டு இறுகுகிறது. அதாவது சுவர்மேல் மறுபடியும் கிளிஞ்சலின் பொருளே உண்டாகிறது! பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை மாளிகைத் தூண்களைச் சலவைக்கல் போல் மின்னச் செய்தது இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். 'சுணாம்' என்ற பெயரோடு அது ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது.

ஆனால் கிளிஞ்சலுக்காக ஏரிப் படுகையைத் தோண்டுவது மீனுக்கும் இறாலுக்கும் கேடு. ஆகையால் கல் சுண்ணாம்பையே வாங்கச் சொன்னேன். அதுவும் அவ்வாறே இறுகும். நீற்றிச் சில நாள் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, சிறிது அரிசிக் கஞ்சி சேர்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான நீலத்தைக் கலக்காமல், ஒரு சிட்டிகை மஞ்சட் காவியைக் கரைத்துவிட்டால் பாலேட்டின் நிறம் வந்துவிடும். சுவரை நனைத்து, மெல்லியதாக மூன்று முறை பூசவேண்டும். ஈரத்தில் ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

வீட்டார் எல்லோரும் சேர்ந்து இரண்டு நாளில் வேலையை முடித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு மூதாட்டி சுவரைத் தடவிப் பார்த்து, "இது எந்தக் கடை வர்ணம்?" என்று கேட்டாராம். பெண்ணே முன்வந்து, "நாங்கள் கலந்தது, பாட்டி!" என்று சொன்னாளாம்.

சுண்ணாம்பு சில வருஷங்களுக்கு ஒருமுறை மங்கத்தான் செய்யும். அப்போது குடும்பத்தார் மறுபடியும் கூடிப் பூசிக்கொள்ளலாம். கடன்காரனை வாசலில் நிறுத்திவிட்டுச் சுவரின் அழகை ரஸிப்பதைவிட, அந்த இரண்டு நாள் உழைப்பு எவ்வளவோ மேலல்லவா?