வண்டிக்கு ஒரு தேதி, கோயிலுக்கு ஒரு தேதி

2026 ஜூன் 14 இரவு சென்னையில் கிளம்புகிற ஒரு வண்டி, நள்ளிரவைத் தாண்டி 00.25க்கு ரேணிகுண்டாவுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். நடைமேடையில் நிற்பவருக்கு அப்போது 15ஆம் தேதி. வண்டிக்கு இன்னும் 14தான். ரயில்வே கணக்கில் வண்டியின் தேதி அது கிளம்பிய ஊரிலேயே முடிவாகிவிடுகிறது; கடைசி நிலையம் வரை மாறுவதில்லை. கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் ‘நாள் 1’, ‘நாள் 2’ என்று போட்டிருப்பது இதற்காகத்தான். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் இந்த எண் நான்கைத் தொட்டுவிடும். வடக்கே பனிமூட்டத்தில் ஒரு வண்டி ஒரு நாள் முழுக்கத் தாமதமானால், ஒரே எண் கொண்ட இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எது எந்த வண்டி என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிளம்பிய தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ரேணிகுண்டா, திருப்பதி பக்கத்து லாட்ஜுகளுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் முன்பதிவு நிரல் எழுதுவது என் தொழில். எந்தத் திரையில் தேதி கேட்டாலும், அதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தேதி யாருடையது? கணினிக்குள் நேரம் என்பது 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணிவந்த நொடிகள். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. தேதிக்கு உண்டு. ரயில்வேக்கு ஒரு நாள், பயணிக்கு ஒரு நாள், கோயிலுக்கு ஒரு நாள். அந்தச் சொந்தக்காரரை மறந்துவிட்டு எண்ணை மட்டும் சேமித்தால், பிற்பாடு எவ்வளவு சாமர்த்தியமாக நிரல் எழுதினாலும் அதை மீட்டெடுக்க முடியாது.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். பொதுவாக அந்த எண்ணிக்கை வண்டி கிளம்பும் ஊரின் தேதியிலிருந்துதான். நம் வண்டிக்கு ஜூன் 14இலிருந்து 60 நாள் பின்னால் போனால் ஏப்ரல் 15. அன்று காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். ரேணிகுண்டாவில் ஏறப்போகிறவர் தன்னுடைய 15ஆம் தேதியிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 16 வரும். ஒரு நாள் பிந்திப் போனால் பல வண்டிகளில் வெயிட்டிங் லிஸ்ட்தான். ஆகவே எங்கள் டேட்டாபேஸில் ஏறும் தேதி என்று ஒரு கட்டமே கிடையாது. வண்டி கிளம்பும் தேதி, நாள் எண், நிலையத்து நேரம் ஆகிய மூன்றும்தான் இருக்கும். ஏறும் தேதியைக் காட்டும்போது கணக்கிட்டுக் காட்டுகிறோம். அதுவும் வெறும் 15/06 என்று காட்டுவதில்லை. ‘ஞாயிறு ராத்திரி கழிந்து, திங்கள் 15ஆம் தேதி 00.25 மணி’ என்று தமிழிலும் தெலுங்கிலும் குறுஞ்செய்தி போகும். தூங்கி எழுந்தால்தான் மறுநாள் என்று நினைப்பவர்களே இங்கே அதிகம். திங்கள் 00.25 என்று மட்டும் சொன்னால், திங்கட்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நிற்பார்கள்; வண்டி முந்தின இரவே போயிருக்கும்.

அதே வண்டியில் இறங்கும் குடும்பம் ஒன்றரை மணிக்கு லாட்ஜுக்கு வருகிறது. திருப்பதியில் பல லாட்ஜுகளில் 24 மணி நேர செக்-அவுட் முறை. சாவி கொடுத்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடும். இதற்குத் தேதியே தேவையில்லை, நொடிக் கணக்கு போதும். ஆனால் ரிசப்ஷனில் இருப்பவர் அன்றைய கணக்கை விடிகாலையில் ஷிஃப்ட் மாறும்போதுதான் முடிப்பார். ஒன்றரை மணிக்கு வாங்கிய முன்பணம் 14ஆம் தேதி வரவில் சேரும். வந்த நேரத்திலிருந்து கணக்குத் தேதியை நிரலே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எப்போது கணக்கை முடிப்பது என்பது அந்த ஊழியர் எடுக்கும் முடிவு. ஒருவர் எடுத்த முடிவைப் பதிவுதான் செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது.

இந்தியாவில் நிரல் எழுதுகிற எல்லோருக்கும் 18:30 என்ற நேரம் பழக்கமானது. உலாவியில் ஜனவரி 10 என்று ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். ஜாவாஸ்கிரிப்ட் அதை இங்கத்திய நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு, உலகப் பொது நேரத்துக்கு மாற்றி சர்வருக்கு அனுப்புகிறது. போய்ச் சேர்வது ஜனவரி 9, 18:30. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்ததில் முந்தின நாளுக்குப் போய்விட்டது. நியூஜெர்சியிலிருந்து அறை பதிவு செய்யும் நம்மவர்களுக்குக் கோளாறு வேறு வழியில் வரும்: ‘2025-01-10’ என்று தேதியை மட்டும் கொடுத்தால் அதே மொழி அதைப் பொது நேர நள்ளிரவாக வாசிக்கும், அவர் திரையில் 9ஆம் தேதி தெரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அறை கேட்டவர் ஒரு நாளைத்தான் சொன்னார், நள்ளிரவு என்று அவர் சொல்லவே இல்லை. நாளை நாளாகவே, நேரம் ஒட்டாமல் சேமித்தால் இந்தத் தொல்லை வராது.

நேர மண்டலத் தரவுத்தளத்தில் நமக்குரிய பதிவு ‘ஆசியா/கொல்கத்தா’. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எகர்ட் பராமரித்துவரும் அந்தக் கோப்பு ஏறக்குறைய எல்லாக் கைபேசியிலும் சர்வரிலும் இருக்கிறது. பைத்தான் மொழியில் பைடிஇசட் நூலகத்தைத் தவறான முறையில் ஒட்டினால், பொது நேரத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் 5:30க்குப் பதிலாக 5:53 என்று வரும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைக் கணினிக் கோளாறு என்று நினைப்பார்கள். அது பழைய கல்கத்தாவின் உள்ளூர் நேரம். நம் பதிவின் முதல் வரி. அதற்குக் கீழே 1870 முதல் 1905 முடிய 5:21 இருக்கிறது. அது சென்னை நேரம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக்கூடத்தில், 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் கணித்த தீர்க்கரேகையை வைத்து வந்த நேரம் அது. அந்த ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துப் பொறித்த தூண். 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்த் தடத்தோடு இணைந்த மெட்ராஸ் ரயில்வே பாதை ரேணிகுண்டா வழியாகத்தான் போகிறது. நாட்டின் ரயில்களெல்லாம் அப்போது சென்னைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடின. 1906 ஜனவரி 1இல் 5:30 வந்தது. ரேணிகுண்டாவின் தலைக்கு மேல் போகும் சூரியனைக் கேட்டால் 5:18 என்று சொல்லும்.

பழைய கதைதானே என்று இதை விட்டுவிட முடியாது. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியக் கடிகாரமே ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. இலங்கையில் 1996 மே, அதே ஆண்டு அக்டோபர், பிறகு 2006 ஏப்ரல் என்று மூன்று முறை மாற்றினார்கள். அதனால் நடந்து முடிந்ததைப் பொது நேரத்தில் வைக்கலாம்; வரப்போவதை, ஊர்க் கடிகாரம் என்ன காட்டுமோ அதையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து வைப்பதுதான் முறை. அரசு நாளைக்கே நேரத்தை மாற்றினாலும், காலை 6 மணிக்கு டாக்ஸி கேட்டவருக்கு 6 மணிக்குத்தான் டாக்ஸி வர வேண்டும்.

இனி கோயிலுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் விலைப் பட்டியலையே ஆட்டிவைப்பது வைகுண்ட ஏகாதசி. சூரியன் தனுசில் இருக்கும் மார்கழியில் வரும் வளர்பிறை ஏகாதசி அது. மாதம் சூரியனுடையது, திதி சந்திரனுடையது. ஆங்கில வருஷத்துக்கு ஒன்று என்று டேட்டாபேஸில் விதி வைத்தால் என்ன ஆகும்? 2023இல் ஜனவரி 2, டிசம்பர் 23 என்று இரண்டு வந்தன. 2024இல் ஒன்றுகூட இல்லை. 2025இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று மறுபடி இரண்டு. இடைவெளிகள் 355, 384, 354 நாட்கள். இதற்கு மேல், திருமலையில் இப்போது சொர்க்கவாசல் பத்து நாள் திறந்திருக்கிறது. ஆகவே வைகுண்ட ஏகாதசியே இல்லாத 2024இன் முதல் நாளன்று வாசல் திறந்திருந்தது! பிரம்மோற்சவமும் இப்படித்தான். அதிக மாதம் எனும் கூடுதல் சந்திர மாதம் வரும் ஆண்டில் இரண்டு நடக்கும்: 2015, 2018, 2020, 2023. 2026இலும் அதிக மாதம் உண்டு. இதையெல்லாம் ‘செப்டம்பர் சீசன்’ என்று ஒரே கட்டத்தில் அடைக்க நினைப்பவரிடம் நான் நீளமாகவே வாதாடுவேன்.

பஞ்சாங்கத்தின் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை, சூரிய உதயத்தில் பிறக்கிறது. உதயத்தில் இருக்கும் திதிதான் பொதுவாக அந்த நாளுக்குரிய திதி. ஊர் மாறினால் உதயம் மாறும், சில சமயம் திதியும் மாறும். ராகு காலமும் உதயத்திலிருந்துதான்: பகலை எட்டாகப் பிரித்து ஒரு பங்கு. ஆனால் நாள்காட்டித் தாளில் திங்கட்கிழமை என்றால் என்றைக்கும் 7.30–9.00. உதயம் 6 மணி, பகல் 12 மணி நேரம் என்று நிலையாக எழுதிவைத்த கணக்கு அது. இங்கே ஜனவரியில் உதயம் ஆறரைக்கு மேல், ஜூனில் ஆறுக்கு முன்பே. நிரலில் நான் எதைக் காட்டுவது? தாளில் இருப்பதைத்தான் காட்டுகிறேன். அறையைக் காலி செய்யும் வேளையை அதைப் பார்த்துத்தான் மக்கள் முடிவு செய்கிறார்கள். அந்த ராகு காலம் அவர்களுடையது. வருஷத்தின் பெயரும் அப்படியே. 2026 மார்ச் 19 யுகாதி முதல் தெலுங்குக்காரர்களுக்குப் பராபவ ஆண்டு; பக்கத்து வீட்டுத் தமிழருக்கு ஏப்ரல் 13 வரை விசுவாவசுதான். ஒரே தெருவில் இரண்டு வருஷம் ஓடும். அழைப்பிதழ் அச்சிடுகிற நிரல், மொழியோடு சேர்த்தே வருஷத்தையும் கேட்க வேண்டும்.

திதியை நாமே கணிக்கும் நிரல் எழுதலாமே என்று கேட்பார்கள். எழுதலாம், எனக்கு ஆசையும் உண்டு. டெர்ஷோவிட்ஸும் ரெயின்கோல்டும் எழுதிய நாட்காட்டிக் கணித நூலில் சூத்திரங்கள் இருக்கின்றன. ஆனால் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒத்துப்போகாத நாட்கள் உண்டு. அதே சென்னை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19ஆம் நூற்றாண்டிலேயே வானத்தைப் பார்த்துச் சரிசெய்த பஞ்சாங்கம் போட்டார். வாக்கியம் இன்றும் விற்கிறது. எந்தக் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்வது லாட்ஜ் நிரலின் வேலை இல்லை. திருமலை தேவஸ்தானம் எந்த நாளை அறிவிக்கிறதோ அந்த நாளில்தான் கூட்டம் வரும். எனவே திருவிழா அட்டவணையை ஆண்டுதோறும் கையால் நிரப்புகிறோம். மேலே சொன்ன நான்கு ஏகாதசித் தேதிகளும் சோதனைக் கோப்பில் இருக்கின்றன. யாராவது ‘வருஷத்துக்கு ஒன்று’ என்று நிரல் எழுதினால் சோதனை உடனே தோற்றுவிடும். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ‘அறிவித்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் நிரல் அந்த வரியை ஏற்காது.