பெயர் ஒன்று, உள்ளே வேறு



எங்கள் மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் மூட்டைகள் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். வியாபாரிகளோ மூட்டைக்குள் கையை விட்டுப் பஞ்சை எடுத்துப் பார்த்த பிறகே விலை கூறுவர். கணினிக் கோப்புகளுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதை இவ்வாண்டு மலர்ப் பணியில் நாங்கள் கண்டோம்.

மலருக்கு வந்த படைப்புகள் மூன்று ஃபோல்டர்களில் சேர்ந்திருந்தன. ஒன்று ஆய்வகக் கணினியில், மற்றொன்று பென் டிரைவில், மூன்றாவது சிஸ்டரின் மடிக்கணினியில். அச்சகத்திற்கு அனுப்ப வேண்டியதோ ஒன்றே. "பெயர்கள் எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கின்றன? ஏதாவது ஒன்றை அனுப்பிவிடலாம், சிஸ்டர்" என்றோம். "ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், பிள்ளைகளே" என்றார் அவர்.

ஆய்வகக் கணினியில் இருப்பது லினக்ஸ். மூன்று ஃபோல்டர்களையும் அதில் ஏற்றி, கட்டளை எழுதும் கருந்திரையைத் திறந்தோம். 'டிஃப்' என்று எழுதி, ஒரு சிறு கோடும் ஆர், க்யூ என்னும் ஆங்கில எழுத்துகளும் இட்டு, இரண்டு ஃபோல்டர்களின் பெயர்களைத் தர வேண்டும். 'ஆர்' என்றால் உள்ளறைகளுக்குள்ளும் சென்று பார். 'க்யூ' என்றால் வேறுபாடு உண்டா என்பதை மட்டும் சொல். ஒரு பக்கம் மட்டும் உள்ள கோப்பை "இதில் மட்டும்" என்று காட்டும். பெயர் ஒன்றாகி உள்ளே மாறியிருந்தால் "வேறுபடுகின்றன" என்னும். யாவும் ஒன்றே எனில் வாய் திறக்காது. மௌனம் சம்மதம்!

இக்கட்டளை எங்கள் பெற்றோரைவிட மூத்ததாம்! அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் உருவாக்கியது. 1974-இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்புடன் வெளிவந்தது. ஜேம்ஸ் ஹன்ட்டுடன் சேர்ந்து அதன் கணித முறையை 1976-இல் அவர் விளக்கி எழுதினார்.

இம்முறையில் ஒரு நேரத்தில் இரண்டு ஃபோல்டர்களையே ஒப்பிட இயலும். மூன்று இருந்தால் மூன்று முறை, நான்கு இருந்தால் ஆறு முறை, ஐந்து இருந்தால் பத்து முறை ஒப்பிட வேண்டும். எனவே வேறு வழியும் கற்றோம். 'ஷா256சம்' என்னும் கட்டளை ஒவ்வொரு கோப்பையும் முழுவதும் படித்து, 64 குறிகள் கொண்ட கைரேகை ஒன்றைத் தரும். ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை மாறிவிடும். எல்லாக் கைரேகைகளையும் ஒரே பட்டியலாக்கி வரிசைப்படுத்தினால் ஒத்தவை அருகருகே வந்து நிற்கும்; ஒவ்வாதது தனித்துத் தெரியும்.

அப்படித் தனித்து நின்றது ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியின் 'என் பாட்டி'. மூன்று ஃபோல்டர்களிலும் அதே பெயர். பென் டிரைவில் இருந்ததில் மட்டும் கடைசியாக ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. கட்டுரையைக் கொடுத்த பிறகு பாட்டி இறந்துவிட, அவள் மீண்டும் எழுதிச் சேர்த்த பத்தி அது. படித்ததும் எங்களுள் எவரும் பேசவில்லை.

எது சரியானது என்று கட்டளை சொல்லாது, வேறுபாட்டைத்தான் காட்டும். முடிவு செய்வது மனிதர் வேலை. ஓலைச்சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் செய்ததும் இவ்வேலைதான். அவர் பாடபேதம் என்றதையே கணினி 'டிஃப்' என்கிறது. நூலை இயற்றியவரைக் கேட்க அவருக்கு வழியில்லை. எங்களுக்கு அந்தத் தங்கை அடுத்த கட்டடத்திலேயே இருந்தாள். கேட்டோம். "அந்தப் பத்தியும் வரட்டும், அக்கா" என்றாள். இம்மலரில் அது வந்துள்ளது.

தோழியரே, இடம் போதவில்லை என்று எதையும் அழிக்குமுன் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயருக்குள் ஒருத்தியின் கண்ணீர் இருக்கக்கூடும்.

— கணினி மன்ற மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு